9, 6, 4 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே தாயம்: மதுரை வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை வில்லாபுரம் பக்கம் ஒரு வாடகை வீடு. அப்பாவுக்கு விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடையில் வேலை, வீடு திரும்ப ராத்திரி பத்து, பத்தரை ஆகிவிடும், வாரத்தில் ஒரு நாள்தான் லீவு. அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறார். பெரியவளுக்கு 9 வயது, பையனுக்கு 6, கடைக்குட்டிப் பெண்ணுக்கு 4. தாத்தா காலமானபின் திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து அப்பத்தாவும் இவர்களோடு வந்துவிட்டார். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அந்த அம்மாவிடம் துணி தைக்கக் கொடுப்பேன், அப்படித்தான் பழக்கம். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

கத்திரி வெயில் காலம். பகல் பதினொன்றிலிருந்து நாலு மணிவரை பிள்ளைகளை வெளியே விட முடியாது, மூன்று பேரும் ஒரே அறையில், ஒரே போன். அளவெடுக்கப் போனபோது அந்த அம்மா கேட்டது இதுதான்: "டீச்சர், மூணும் சேர்ந்து ஆடுற மாதிரி ஒரு ஆட்டம் சொல்லுங்களேன். வாங்கிக் கொடுத்தது ஒண்ணு இருக்கு, அதை எடுத்தாலே அழுகைதான்."

வாங்கிக் கொடுத்தது பெரியவளின் பிறந்தநாளுக்கு வந்த பிசினஸ் ஆட்டம். ஊர் வாங்குவது, வாடகை வசூலிப்பது, காகிதப் பணம், எல்லாம் உள்ள பெட்டி. பெட்டியின் மேலேயே 8 வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது. 9 வயதுக்காரிக்கு வாங்கியதால் யாருக்கும் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை.

பெட்டி ஆட்டத்தில் பார்த்தது

எதையும் சொல்வதற்கு முன் ஒரு மத்தியானம் அவர்கள் ஆடுவதை உட்கார்ந்து பார்த்தேன். யார் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்று பார்க்காமல் ஆட்டத்தை மாற்றச் சொல்வதில் அர்த்தமில்லை. "பிள்ளைகளுக்கு எது நல்ல ஆட்டம்" என்ற கேள்விக்குப் பொதுவாகப் பதில் சொல்லவே முடியாது என்பது என் எண்ணம்.

பெரியவள்தான் பேங்கர், தானும் ஆடுகிறாள். தம்பிக்குப் பலகையில் இருக்கும் ஆங்கில ஊர்ப் பெயர்களைப் படிக்க வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "இது என்ன ஊரு?" என்று கேட்கிறான், அவள் படித்துச் சொல்கிறாள், சொல்லிவிட்டு "அது வேணாம், காசு பத்தாது" என்று முடிவையும் அவளே எடுத்துவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் அவன் பகடை உருட்டுவதோடு சரி, மற்றதெல்லாம் அவள். இதில் அவளுக்கும் சந்தோஷம் ஒன்றும் இல்லை, சில்லறை எண்ணிக் கொடுத்தே அலுத்துப்போயிருந்தாள், அவளுக்கு ஈடாக ஆட அங்கே ஆள் இல்லை.

சின்னவளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்திருந்தார்கள். அவளுக்கும் ஒரு காய் உண்டு, உருட்டுவாள், அக்கா நகர்த்துவாள். தெருவில் கண்ணாமூச்சி ஆடும்போது இது நன்றாகவே நடக்கும், ஓடுகிற சந்தோஷமே போதும். இங்கே உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். தன் முறை திரும்பி வர ஐந்தாறு நிமிஷம் ஆகிறது, அதுவரை ரோஸ் கலர் நோட்டுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் அண்ணன் வாங்கி வைத்திருந்த ஊரில் அவள் காய் போய் நின்றது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, "என்கிட்ட ஏன் காசு கேக்கல?" என்றாள். "நீ சும்மாதானே பாப்பா" என்றான் அவன். பலகை உதைபட்டது, நோட்டெல்லாம் மெஷினுக்கு அடியில். அம்மா மெஷினை நிறுத்தாமலே ஒரு கையால் போனை எடுத்து நீட்டினார்.

சின்னவளுக்கு விதி புரியாது என்றுதான் வீட்டில் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாடகை கேட்க வேண்டிய இடம் எது என்பது அவளுக்குத் தெளிவாகவே புரிந்திருந்தது. காத்திருக்கும் நேரம் அதிகம், படிக்க வேண்டியது அதிகம், தன்னை ஆளாக மதிக்கவில்லை. இந்த மூன்றும்தான் சிக்கல். மூன்றாவதுதான் பெரியது என்று தோன்றியது.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். அப்பத்தா கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

எந்த ஆட்டம்

வேண்டியது இதுதான்: எழுத்துப் படிக்கத் தேவை இருக்கக்கூடாது, நாலு பேர் ஆட வேண்டும், ஒருவர் முறை ஒரு நிமிஷத்துக்குள் முடிய வேண்டும், பெரியவள் யோசிக்கக் கொஞ்சமாவது இடம் வேண்டும், அப்பத்தா உள்ளே வர வேண்டும். காசு அதிகம் செலவழிக்கும் நிலையில் அவர்கள் இல்லை, அதுவும் கணக்கில் உண்டு.

பரமபதம் முதலில் நினைவுக்கு வரும். வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்க ஆடுகிற வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஆனால் அதில் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை, விழுந்த எண்ணுக்கு நகர வேண்டியதுதான். நாலு வயதுக்குப் போதும், ஒன்பது வயதுக்காரி இரண்டாம் நாளே எழுந்து போய்விடுவாள். பல்லாங்குழி எனக்குப் பிடித்தது, 14 குழி, குழிக்கு ஐந்து முத்து என்று அள்ளி அள்ளிப் போட்டாலே கணக்கு தானாக வரும். ஆனால் இரண்டு பேர் ஆட்டம், மூன்றாவது ஆள் அழும். ஆடு புலி ஆட்டமும் இரண்டு பேருக்குத்தான், மூன்று புலி பதினைந்து ஆட்டை வைத்து ஆறு வயதுப் பையன் யோசிப்பதற்குள் இருட்டிவிடும். லூடோ பரவாயில்லை, ஆனால் அப்பத்தாவுக்கு அது ஒட்டாது. ஜெர்மனியின் ஹாபா நிறுவனம் 1986-லிருந்து போட்டுவரும் பழத்தோட்டம் என்ற ஆட்டம் ஒன்று உண்டு, பிள்ளைகள் எல்லாரும் ஒரே அணியாகச் சேர்ந்து, காகம் வருவதற்குள் பழத்தைப் பறித்துக் கூடையில் சேர்க்க வேண்டும். யோசனை அருமை, இறக்குமதி விலை இந்த வீட்டுக்கு ஆகாது.

தாயம் என்று பேச்செடுத்ததும் அப்பத்தா கீரை முறத்தைத் தள்ளி வைத்தார். "தாயம்னா நானும் வாரேன்." பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது. வீட்டில் ஓர் ஆட்டத்தை ஆழமாகத் தெரிந்த பெரியவர் இருந்தால், கடையில் கிடைக்கும் எந்தப் பெட்டியையும்விட அதையே எடுப்பது நல்லது. விதிப்புத்தகத்தைப் புரட்டி வியாக்கியானம் சொல்ல யாரும் தேவையில்லை, சண்டை வந்தால் தீர்க்கவும் ஆள் இருக்கிறது.

ஆனால் அப்பத்தா ஆடும் தாயத்தை அப்படியே இறக்கினால் அதே அழுகைதான் வரும். ஏன் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். பித்தளைத் தாயக்கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் நாலு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு முகம் வெறுமை. மொத்தம் 16 விதமாக விழலாம், அதில் கூட்டி ஒன்று வருவது இரண்டு விதம்தான். அந்த ஒன்றுக்குத்தான் தாயம் என்று பெயர், அது விழுந்தால்தான் காய் கட்டத்தில் இறங்கும். அதாவது தாயம் விழ எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டுத் தடவை உருட்டியும் தாயமே விழாமல் காய் வெளியிலேயே கிடப்பதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. நாலு வயதுப் பிள்ளையை எட்டு முறை "உனக்கு இன்னும் இல்லை" என்று சொல்லி உட்காரவைப்பது நடக்காத காரியம்.

சோழி நாலு எடுத்தால் கதை வேறு. ஒன்று நிமிர்ந்து விழுந்தால் தாயம், இரண்டு நிமிர்ந்தால் இரண்டு, மூன்றுக்கு மூன்று, நாலும் நிமிர்ந்தால் நாலு, நாலும் கவிழ்ந்தால் எட்டு. சோழி நாணயம்போலச் சரிபாதியாக விழாது என்றாலும் உத்தேசமாகப் பார்த்தால் தாயத்துக்கு நாலில் ஒரு வாய்ப்பு. எட்டுத் தடவை போட்டும் தாயம் விழாமல் போவது பத்தில் ஒன்றாகக் குறைகிறது. ஒரு விதியைக்கூட மாற்றாமல், உருட்டும் பொருளை மட்டும் மாற்றியதிலேயே காத்திருப்பு பாதியானது.

கட்டமும் காயும்

அப்பத்தா ஊரில் ஆடியது ஏழுக்கு ஏழு கட்டம், ஆளுக்கு ஆறு காய். இங்கே ஐந்துக்கு ஐந்து போட்டோம். வெளிச்சுற்று 16 கட்டம், உள்சுற்று 8, நடுவில் காய் போய்ச் சேர வேண்டிய பழம். காய் இறங்கும் கட்டம் மலை, அதில் நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது, மற்றக் கட்டங்களில் அடுத்தவர் காய் வந்து விழுந்தால் நிற்கிற காய் வெட்டுப்பட்டு வெளியே போகும். ஒரு காய் இறங்கிய மலையிலிருந்து பழத்துக்குப் போக 24 அடி. சோழியில் ஒரு முறைக்குச் சராசரியாக இரண்டரை அடி விழும், ஆக ஏறக்குறைய பத்து முறையில் ஒரு காய் பழமாகிவிடும். சின்னப் பிள்ளையின் பொறுமைக்கு இது தாங்கும்.

தரை டைல்ஸ், சாக்பீஸ் நிற்கவில்லை. அந்த அம்மா மீந்துபோன லைனிங் துணியில் கட்டம் தைத்துக் கொடுத்தார், அரைச் சாண் அகலக் கட்டங்கள், மலைக் கட்டங்களில் சிவப்பு நூலில் பெருக்கல் குறி. முதலில் எடுத்தது பழைய சுங்குடிச் சேலைத் துண்டு, பார்க்க அழகாக இருந்தது, ஆனால் சின்னவள் கட்டத்தை விட்டுவிட்டுப் புள்ளிகளை எண்ண ஆரம்பித்ததால் அது தள்ளுபடி. காய்களுக்குக் காலி நூல்கண்டுகள். பட்டன் வைக்கலாம் என்றார்கள், வேண்டாம் என்றேன். நூல்கண்டு குட்டிக் கைக்கு வாகாகப் பிடிபடும், கட்டத்தில் நிமிர்ந்து நிற்கும், மிச்ச நூலின் நிறத்தை வைத்தே யாருடையது என்று தெரியும்.

அப்பத்தா தேய்த்த புளியங்கொட்டை போதும் என்றுதான் சொன்னார், அவர் ஆடியதும் அதில்தானாம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. சின்னவள் ஏற்கெனவே ஒரு தடவை நிலக்கடலையை மூக்கில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிவரை போய் வந்தவள். அம்மா சொன்னதே சரி. விதை ஈரத்தில் ஊறி உப்பும், எடுப்பது இன்னும் சிரமம். பெரிய சோழியாகப் பார்த்துக் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் வாங்கினார்கள். அதையும் சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கித்தான் கவிழ்க்க வேண்டும், ஆட்டம் முடிந்ததும் நாலையும் எண்ணிச் சம்படத்தில் போட்டு அப்பத்தா அலமாரி மேல் வைத்துவிடுவார். மூன்று வயதுக்கும் கீழே பிள்ளை இருக்கும் வீடு என்றால் சோழியும் வேண்டாம். சுமார் 32 மில்லிமீட்டர் அகலக் குழாய்க்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் அந்த வயதுக்கு ஆகாது என்பதுதான் பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் உள்ள அளவு.

காகத்தை எதிர்த்து ஆடியது

பழத்தோட்டத்தின் யோசனையை எடுத்து, முதல் சில நாள் யாருக்கும் யாரும் எதிரி இல்லை என்று வைத்துப் பார்த்தோம். கறுப்பு நூல்கண்டுதான் காகம். யார் போட்டாலும் மூன்று விழுந்தால் அவர் நகரக்கூடாது, காகம் பழத்தை நோக்கி ஓரடி வைக்கும். காகம் வருவதற்குள் எல்லாருடைய காயும் பழமாக வேண்டும்.

அழுகை நின்றது உண்மை. ஆனால் இரண்டாம் நாளே பெரியவள் எல்லாருடைய காய்க்கும் உத்தரவு போட ஆரம்பித்துவிட்டாள், "பாப்பா அதைத் தொடாத, இதை நகர்த்து." ஒரே அணி என்பதால் அவள் சொல்வதில் நியாயமும் இருந்தது, மறுக்க முடியவில்லை. பிசினஸ் ஆட்டத்தில் இருந்த அதே கோளாறு வேறு வழியாக உள்ளே வந்துவிட்டது. அப்பத்தாவுக்கும் சுவாரசியமில்லை, "காக்காயை எதுத்து ஆடவா நான் உக்காந்திருக்கேன்" என்றார். காகத்தை எடுத்துவிட்டோம்.

யாருக்கு என்ன விதி

எல்லாருக்கும் ஒரே விதி என்றால் அப்பத்தாவும் பெரியவளும்தான் ஜெயிப்பார்கள். இதைச் சமாளிக்க வீடுகளில் வழக்கமாகச் செய்வது விட்டுக்கொடுப்பது, பெரியவர்கள் தெரியாததுபோல் தோற்றுப்போவார்கள். இந்த வீட்டு அப்பாவும் தன் லீவு நாளில் அதையே செய்தார். பையனின் காயை வெட்ட வேண்டிய இடத்தில் வேறு காயை நகர்த்தினார். பையன் கட்டத்தைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "அப்பா, வேணும்னே விட்டுட்டீங்க. போங்கு." ஜெயித்தும் கோபம் தணியவில்லை அவனுக்கு. அன்றைய ஆட்டம் அத்தோடு நின்றது.

ஆகவே விட்டுக்கொடுப்பதை ஒளிக்காமல், ஆட்டம் தொடங்கும் முன்பே சத்தமாகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு விதி. அதற்குப் பிறகு யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கக்கூடாது, எல்லாரும் முழு மூச்சாக ஆட வேண்டும்.

முதலில் காய் எண்ணிக்கையில் வித்தியாசம் வைக்கலாம் என்று பெரியவளே சொன்னாள்: பாப்பாவுக்கு ஒன்று, தம்பிக்கு இரண்டு, தனக்கு மூன்று, அப்பத்தாவுக்கு நாலு. கேட்கச் சரியாகத்தான் இருந்தது, ஆனால் சின்னவள் 24 அடி நடந்தால் முடிந்தது, அப்பத்தா 96 அடி நடக்க வேண்டும். எல்லா ஆட்டத்திலும் சின்னவள் கால்மணி நேரத்தில் பழம் போட்டுவிட்டு எழுந்து போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். ஜெயித்தது அவளுக்கே பெரிதாகத் தெரியவில்லை, தம்பிக்கோ எரிச்சல்.

அதனால் காய் எல்லாருக்கும் இரண்டு என்று ஆக்கிவிட்டு, வித்தியாசத்தை இறங்குவதில் வைத்தோம். சின்னவளின் காய் இரண்டும் ஆட்டம் தொடங்கும்போதே மலையில் நிற்கும். பையன் தாயம் விழுந்தாலும் இறங்கலாம், மூன்று விழுந்தாலும் இறங்கலாம். பெரியவளுக்குத் தாயம் மட்டும். அப்பத்தாவுக்குத் தாயமும் வேண்டும், உள்சுற்றுக்குப் போக ஒரு காயையாவது வெட்டியிருக்கவும் வேண்டும், அதாவது அவர் ஊரில் ஆடிய முழு விதி. நாலு, எட்டு விழுந்தால் மறுபடி போடுவது உண்டு, ஆனால் ஒரு முறைக்கு ஒரு தடவைதான், இல்லாவிட்டால் ஒருவரே தொடர்ந்து போட்டுக்கொண்டிருப்பார், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

நான் எதிர்பார்க்காத ஒன்று பெரியவளிடம் நடந்தது. கஷ்டமான விதி தனக்குக் கிடைத்ததை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் "எனக்குத் தாயம் விழுந்தாத்தான் இறக்கம், தம்பிக்கெல்லாம் அப்படி இல்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தோற்றாலும் அவளுக்கு மரியாதை போகவில்லை, ஜெயித்தால் ரெட்டைப் பெருமை. சின்னவர்களுக்காகப் பெரிய பிள்ளையைத் தோற்கச் சொல்கிற வீடுகள் இதை ஒரு முறை செய்து பார்க்கலாம்.

வெட்டு

வெட்டே வேண்டாம் என்று அம்மா சொன்னார். பையன் வெட்டுப்பட்டால் அரைமணி நேரம் தேம்புவான் என்பது அவர் அனுபவம். அப்பத்தா கேட்கவில்லை. "வெட்டு இல்லாட்டி என்னத்தா தாயம்? சும்மா கட்டத்தைச் சுத்தி வர்றதுக்கா?" எனக்கும் அப்பத்தா பக்கம்தான் மனசு. வெட்டு இருக்கிற ஒரே காரணத்தால்தான் எந்தக் காயை நகர்த்துவது, மலையில் நிற்பதா, ஓடிவிடுவதா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் பரமபதத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

நடுவழியாக, வெட்டுப்பட்ட காய் வெளியே போகாது, கடைசியாகக் கடந்த மலைக்குத் திரும்பும் என்று வைத்தோம். வெளிச்சுற்றில் நஷ்டம் மூன்று அடிக்கு மேல் போகாது. அப்படியும் பையன் அழுதான். இது என்னடா என்று அடுத்த நாள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

பெரியவளுக்கு மூன்று விழுந்தது. அவன் மஞ்சள் கண்டு சரியாக மூன்றாவது கட்டத்தில் நிற்கிறது. அவள் ஒன்று, இரண்டு என்று தட்டித் தட்டி வந்து, மூன்றில் தன் பச்சைக் கண்டால் அவன் கண்டை ஒரு இடி இடித்தாள், அது உருண்டு துணியைத் தாண்டிப் போனது, "வெட்டு!" என்று ஒரு கத்தல். அவன் உதடு கோணியது அந்த இடியில்தான். மூன்று அடி போனதை அவன் கவனித்ததாகவே தெரியவில்லை. தன் காயை இன்னொருத்தி கை வைத்துத் தள்ளியதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அன்றே ஒரு விதி சேர்த்தோம்: வெட்டியவர் அடுத்தவர் காயைத் தொடக்கூடாது, "வெட்டு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், வெட்டுப்பட்டவரே தன் காயை எடுத்து மலையில் வைப்பார், வைத்தபின்தான் வெட்டியவர் காய் அந்தக் கட்டத்தில் ஏறும். பையன் முதல் தடவை காயைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான், யாரும் அவசரப்படுத்தவில்லை, அப்புறம் வைத்தான். தேம்பல் படிப்படியாகக் குறைந்து, எடுத்து வைக்கும்போது "இரு இரு, உன்னைப் பாத்துக்கறேன்" என்று சொல்லும் அளவுக்கு வந்தான். மலைக்குத் திரும்பும் சலுகையைவிட இந்தச் சின்ன மாற்றம்தான் வேலை செய்தது என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் சலுகையை எடுத்த பிறகும் அழுகை திரும்பவில்லை.

எண்ணுவது

சின்னவளுக்கு ஐந்துவரை எண்ணத் தெரியும், ஆனால் காய் நிற்கும் கட்டத்தையே "ஒண்ணு" என்று தொடங்குவாள். இரண்டு விழுந்தால் ஓரடிதான் போவாள், அக்கா "தப்பு" என்பாள், சண்டை. நாலு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் செய்வதுதான் இது. திருத்துவதற்குப் பதில் செய்கையை மாற்றினோம்: முதலில் காயைத் தூக்கு, தூக்கிய காய் இறங்கும் இடம்தான் ஒண்ணு. காய் அந்தரத்தில் இருக்கும்போது பழைய கட்டத்தை எண்ண முடியாது. சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். எட்டு விழுந்தால் இன்னும் அப்பத்தா கூடவே எண்ண வேண்டும்.

தாயம் ஆடினால் கணக்கு வருமா என்று அந்த அம்மா கேட்டார். அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றிலிருந்து பத்துவரை நேர்கோட்டில் எண் எழுதிய பலகையில் சில நாள் ஆடிய சின்னப் பிள்ளைகளுக்கு எண்ணறிவு கூடியதைக் காட்டினார்கள். ஆனால் அவர்களே அடுத்துப் பார்த்ததில் வட்டமாகச் சுற்றும் பலகைக்கு அந்த அளவு பலன் இல்லை. தாயம் சுற்றி வருகிற ஆட்டம், கட்டத்தில் எண்ணும் கிடையாது. கணக்குக்கு வேண்டுமானால் வாசலில் பத்துக் கட்டம் நேராகப் போட்டு எண் எழுதிக் குதிக்கவிடுங்கள், தாயத்தைத் தாயமாகவே ஆடட்டும் என்றேன்.

அதன்பின்

லீவு முடியும்வரை பெரும்பாலான மத்தியானங்களில் ஆடினார்கள். போன் ஒழிந்துவிடவில்லை, ஆட்டம் முடிந்ததும் அதுதான். ஆனால் ஆட்டத்தின் நடுவே யாரும் அதைக் கேட்பதில்லை என்று அம்மா சொன்னார். சின்னவள் பாதி நாள் நடுவிலேயே எழுந்து போய்விடுவாள், அவள் காயை அப்பத்தா பார்த்துக்கொள்வார், திரும்பி வந்ததும் "என் காய் எங்க நிக்குது?" என்று முதல் கேள்வி வரும். அவள் காயை வெட்டினால் அவளைக் கூப்பிட்டு அவள் கையால்தான் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். இதில் அவள் விட்டுக்கொடுப்பதே இல்லை.

ஒரு லீவு நாளில் அப்பா பிள்ளைகளைக் கீழடிக்குக் கூட்டிப்போனார், 2023-இல் திறந்த அருங்காட்சியகம், மதுரையிலிருந்து பக்கம்தான். அங்கே சுடுமண் ஆட்டக்காய்களையும் பகடையையும் பார்த்துவிட்டு வந்த பையன், "அவங்க காய் நூல்கண்டு மாதிரிதான் இருக்கு, கட்டம் மட்டும் காணோம்" என்றானாம். ஆய்வுக்கு இது தேவையில்லை, இருந்தாலும் விட மனசில்லை.

பள்ளி திறந்தபின் ஆட்டம் சனி, ஞாயிறு சாயங்காலம் என்று சுருங்கியது. அதற்குள் பையனே வந்து தனக்கு மூன்றில் இறங்கும் விதி வேண்டாம், தாயம் மட்டும் போதும் என்றான். மலைக்குத் திரும்பும் சலுகையும் அவன் பேச்சில்தான் போனது, சின்னவளுக்கு மட்டும் இன்னும் உண்டு. சலுகையை எப்போது எடுப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்யவில்லை, அவனாக வந்து கேட்கும்வரை காத்திருந்தோம், கேட்டபோது ஒரு ஆட்டம் பழைய விதியில் ஒரு ஆட்டம் புது விதியில் என்று மாற்றி மாற்றி ஆடவிட்டுப் பிறகுதான் எடுத்தோம்.

சிக்கல் வந்தது வெளியிலிருந்து. தெருப் பிள்ளைகள் சேர்ந்து ஆட வந்தார்கள், அவர்களுக்கு இந்த விதிகள் எதுவும் தெரியாது. வந்த பையன் ஒருவன் சின்னவளின் காய் ஆரம்பத்திலேயே மலையில் நிற்பதைப் பார்த்து "அழுகுணி ஆட்டம்" என்றான். பெரியவளால் விளக்கிச் சொல்ல முடியவில்லை, அப்பத்தா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். கைகலப்புவரை போய், இரண்டு வாரம் துணி மடித்தபடியே கிடந்தது.

அடுத்த வீட்டில் என்றால்

முதல் நாளே விதிகளை ஒரு அட்டையில் எழுதி, படிக்காத பிள்ளைக்குப் புரியும்படி யார் நிறம், எத்தனை சோழி என்று படமாகவும் வரைந்து சுவரில் ஒட்டச் சொல்வேன். வெளியாட்கள் வந்தால் அட்டையைக் காட்டினால் போதும், சண்டை ஆளோடு இல்லை, அட்டையோடு. இந்த வீட்டில் இப்போது அது இருக்கிறது, கைகலப்புக்குப் பிறகு பெரியவள் எழுதியது, "வெட்டுனா கையைக் கட்டு" என்பதுதான் முதல் வரி.

காகம் வைத்து ஆடுவதை வயது வித்தியாசம் அதிகமுள்ள பிள்ளைகளிடம் எடுக்கமாட்டேன், எடுத்தால் அடுத்தவர் முறையில் வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடுதான். வெட்டும்போது காயைத் தொடாத விதியை எந்த வீட்டிலும் முதல் ஆட்டத்திலிருந்தே வைப்பேன். ஆட்டத்தை முடிக்கும் நேரத்தையும் முன்பே சொல்லிவிட வேண்டும், இங்கே அது இல்லாததால் விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் "இன்னும் ஒரு காய்தான்" என்று இழுத்த நாள்கள் உண்டு.

பெரியவளுக்கு ஐந்துக்கு ஐந்து இப்போது சின்னதாகிவிட்டது. பித்தளைக் கட்டையும் ஏழுக்கு ஏழு கட்டமும் வேண்டும் என்கிறாள். அதை இந்தத் துணிக்குப் பதிலாக வைக்காமல், தம்பியும் பாப்பாவும் தூங்கியபின் அப்பத்தாவோடு தனியாக ஆடும் ஆட்டமாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டையைப் பெட்டியிலிருந்து அப்பத்தா ஏற்கெனவே எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார், துணி இன்னும் தைத்து முடியவில்லை, தீபாவளித் தையல் குவிந்து கிடக்கிறது.